காபந்து சேர்மன்

என் கல்யாணத்தில் நாதஸ்வரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு ஒருவர் மைக்கைப் பிடித்தார். திண்டிவனத்தில் சின்ன மண்டபம். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. "நமது மாணவர் பேரவையின் தற்போதைய இணைச் செயலாளரும், இன்றைய மணமகளுமாகிய" என்று ஆரம்பித்து என் பெயரைச் சொன்னார். பேரவை சார்பாக வாழ்த்தி ஒரு சுவர்க் கடிகாரத்தை என் கையில் கொடுத்தார். அப்புறம் போய்ப் பந்தியில் உட்கார்ந்துகொண்டார். நான் கல்லூரியை முடித்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அந்தப் பேரவை அதற்கும் முன்பே செத்துப்போயிருந்தது. என் மாமியார் என் அம்மாவைத் தனியாக ஓரங்கட்டி, பெண் கட்சியில் இருப்பதை ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டாராம். அம்மா அதற்கு விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் ஆடிச் சீர் வந்துவிட்டது.

அவர்தான் சேர்மன். அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினாலும் யாருக்கும் அடையாளம் தெரியாது. ரேஷன் கடையில்கூட அவர் சேர்மன்தான்.

எங்கள் கல்லூரி திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு பொட்டலில் இருந்தது. கல்லூரியின் பெயரும் வேண்டாம், இந்தக் கதையில் வருகிற சிலர் இன்னும் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். நான் தொண்ணூற்று மூன்றில் ஒலக்கூரிலிருந்து அங்கே படிக்கப் போனபோது மாணவர் பேரவை உயிரோடுதான் இருந்தது. வகுப்புக்கு ஒரு பிரதிநிதி. பிரதிநிதிகள் கூடிச் சேர்மனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சேர்மனுக்கு ஓர் அறை உண்டு, அந்த அறைக்கு ஒரு சாவி உண்டு. ஆண்டு விழாவில் பிரின்சிபாலுக்குப் பக்கத்து நாற்காலி கிடைக்கும். விளையாட்டு விழாவில் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். இவ்வளவுதான் அதிகாரம். இதற்காகப் பையன்கள் சோடா பாட்டிலால் அடித்துக்கொள்வார்கள். இணைச் செயலாளர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. கோலம் போடவும் சந்தனக் கிண்ணம் ஏந்தவும் ஆள் வேண்டுமல்லவா. அதற்கு யாரும் போட்டி போட மாட்டார்கள். இரண்டாம் வருஷத்தில் அந்தக் கிண்ணம் என் கைக்கு வந்தது.

அந்த வருஷம் சேர்மன் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டிக்காரர் மகன். இன்னொருவர் நம்ம ஆள். மரக்காணம் பக்கம் கடலோரக் குப்பத்திலிருந்து வந்து சரித்திரம் படித்துக்கொண்டிருந்தார். தேர்தலுக்கு முந்தின நாள் பிரதிநிதிகளைக் கடத்திக்கொண்டு போய் வைத்துக்கொள்வது எங்கள் கல்லூரியின் பண்பாடு. மண்டிக்காரர் மகன் வேன் பிடித்துத் தன் ஆட்களைப் பாண்டிச்சேரிக்கு ஏற்றிப் போய்விட்டான். பிரியாணி, லாட்ஜ், சினிமா. நம்மவரிடம் வேனும் இல்லை, பிரியாணியும் இல்லை. தன் ஆட்களைப் பஸ்ஸில் குப்பத்துக்குக் கூட்டிப் போய், சித்தப்பாவின் படகில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோய்விட்டார். கடலுக்குள் வந்து எவன் விலை பேசுவான் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் ஏறியவர்கள் எல்லாம் கெடாரிலும் பனமலையிலும் ஏரித் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரைப் பார்க்காத பிள்ளைகள். ராத்திரியெல்லாம் வாந்தி எடுத்துவிட்டு மறுநாள் ஓட்டுப் போட வந்தபோது ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்துகொண்டு வந்தார்கள். ஒருவன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். பிரின்சிபால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார்.

பெண் பிரதிநிதிகளை மட்டும் யாரும் கடத்தவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்கூட. கடத்தப்பட்டவர்கள் இரண்டு பக்கமும் சமமாக இருந்ததால், வீட்டிலிருந்து சாப்பிட்டுவிட்டு வந்த நாங்கள்தான் சேர்மன் யார் என்பதை முடிவு செய்தோம். மண்டிக்காரர் மகன் எங்களிடம் ஓட்டுக் கேட்கவே இல்லை. நம்மவர் ஒரு வாரத்துக்கு முன்பே வந்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருந்தார். கல்லூரி வாசலில் எந்த பஸ்ஸும் நிற்பதில்லை, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி வெயிலில் திரும்பி நடக்கிறோம், பஸ் நின்றால் போதும் என்றோம். "நிக்கும். நான் சேர்மன் பதவியிலேர்ந்து கீழ எறங்கறதுக்குள்ள நிக்கும்," என்றார். அந்த வார்த்தை எவ்வளவு நீளமானது என்று அன்றைக்கு எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

முடிவைப் படித்ததும் நாற்காலிகள் பறந்தன. போலீஸ் வந்தது. பதவியேற்பு விழாவுக்கு வாங்கி வைத்த மாலை மேஜையிலேயே வாடியது. ஆனால் அறைச் சாவியை மட்டும் அந்தக் கலவரத்துக்கு நடுவிலேயே அட்டெண்டர் அவர் கையில் கொடுத்துவிட்டிருந்தார். கல்லூரியை மூடி, பல நாள் கழித்துத் திறந்தபோது தகவல் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இனி மாணவர் பேரவைத் தேர்தல் நடைபெறாது. நாங்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றோம். சேர்மன் மட்டும் அதைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டுச் சிரித்த முகத்தோடு வந்தார்.

"எலெக்‌ஷன் நடக்காதுன்னுதான் போட்டுக்கிறாங்க. பேரவை இல்லைன்னு எங்கனா போட்டுக்குதா? அடுத்த ஆளு ஜெயிச்சு வர்ற வரைக்கும் நாமதான். காபந்து," என்றார்.

தமாஷ் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தோம். அவர் எங்களோடு சேர்ந்து சிரிக்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பி.ஏ. முடித்தார். பேரவை கல்லூரியில் இருக்கும்போது தலைவர் மட்டும் வெளியே போகலாமா என்று எம்.ஏ. சேர்ந்தார். அதற்கு மேல் எங்கள் கல்லூரியில் படிக்க எதுவும் இல்லாமல் போனதால், வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை போட்டார். பலகையில் மேலே ஜெராக்ஸ், லேமினேஷன். கீழே சின்ன எழுத்தில் மாணவர் பேரவை, காபந்து. ஃபீஸ் கட்ட முடியாத பையனுக்காக ஆபீஸில் போய்ப் பேசுவது, பஸ் பாஸ் வாங்கித் தருவது, டி.சி. தராமல் இழுத்தடித்தால் கிளார்க்கின் மேஜைக்கு எதிரே போய் ஒன்றும் பேசாமல் நிற்பது, காதலித்து ஓடியவர்களைத் திருப்பிக் கூட்டி வந்து பரீட்சை எழுத வைப்பது, எல்லாம் செய்தார். புது பிரின்சிபால் யார் வந்தாலும் முதல் நாள் எலுமிச்சம்பழத்தோடு போய்த் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார். ஒரு பிரின்சிபால் டீ வாங்கிக் கொடுத்தார். இன்னொருவர் பழத்தை வாங்கி வைத்துக்கொண்டு போலீஸுக்குப் போன் செய்தார். ஸ்டேஷனில் சேர்மன் என்று சொன்னதும் எந்த நகராட்சி என்று பதறிப்போய் நாற்காலி போட்டார்களாம். விஷயம் தெரிந்ததும் நாற்காலியைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அரை மணி நேரமாவது மரியாதையாக உட்கார்ந்திருந்தேன் என்று என்னிடம் சொல்லிக்கொண்டார்.

எனக்குக் கல்யாணமாகி விழுப்புரத்தில் ஒரு கூட்டுறவு சொசைட்டியில் வேலை கிடைத்தது. திண்டிவனத்திலிருந்து தினமும் போய் வருவேன். பஸ் அந்த வாசலைத் தாண்டும்போது கடையிலிருந்து ஒரு கை உயரும். எப்போதாவது அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்து வந்து பார்ப்பேன். "வாங்க செகரட்டரி" என்பார். ராஜினாமா செய்கிறேன், என்னை விட்டுவிடுங்கள் அண்ணா என்று நானும் ஒவ்வொரு தடவையும் கேட்பேன். ராஜினாமாவை ஏற்றுக்கொள்ளக் கூட்டம் போட வேண்டும், கூட்டம் போட ஆள் இல்லை என்பார். இரண்டு பிள்ளை பெற்று, மூத்தவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் நான் இணைச் செயலாளராகவே இருந்தேன்.

காபந்து என்றால் அவரிடம் சட்டதிட்டம் உண்டு. இருப்பதைப் பார்த்துக்கொள்ளலாம், புதிதாகப் பெரிய முடிவு எதுவும் எடுக்கக் கூடாது. இதைக் கல்லூரிக்கு மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கடைக்கு மேல்தளம் போடவில்லை, காபந்து. பழைய மிஷினை மாற்றவில்லை, காபந்து. அது காகிதத்தை மென்று துப்பிக்கொண்டே இருந்தது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, அதுவும் காபந்துதான். ஊரிலிருந்து அவர் அம்மா வந்து கடை வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவார்.

ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த கதவு ஒரு தையல் கடை. பனமலையிலிருந்து வந்து அதை ஒரு பெண் நடத்திக்கொண்டிருந்தார். என் வயசுதான் இருக்கும். கல்லூரிப் பெண்கள் அக்கா என்பார்கள், நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். எப்போது போனாலும் மிஷினை நிறுத்தாமல் என்னிடம் ஒரே கேள்வி கேட்பார்.

"உங்க காலேஜ்ல எப்பம்மா எலெக்‌ஷன் வெப்பாங்க?"

பாவம், நாட்டு நடப்பில் இவ்வளவு அக்கறையா என்று நானும் மூன்று நான்கு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவர் சேர்மன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்ததையும், சேர்மன் அந்த நேரம் பார்த்துத் தெருவில் போகிற லாரியை எல்லாம் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்ததையும் கண்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று அக்காவே கேட்டுவிட்டாராம். அதற்கு சேர்மன், பதவியை ஒப்படைத்துவிட்டு வருகிறேன் என்றாராம். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஜெராக்ஸ் மிஷினைத் தூக்கி ரோட்டில் போட்டிருப்பேன். நேராகப் போய்க் கேட்டேன். இல்லாத பேரவைக்காக இருக்கிற மனுஷியைக் காக்க வைப்பது என்ன நியாயம் அண்ணா?

அன்றைக்குத்தான் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். குப்பத்தில் ஊர்ப் பொறுப்பு எடுத்தவர், முறை முடிந்ததும் மாரியம்மன் கோயில் முன்னால் சனங்கள் கூடி நிற்க, கோயில் பெட்டிச் சாவியை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அவர் அப்பா பொறுப்பில் இருந்தபோது யாரோடோ வாய்த்தகராறு. சாவியைக் கோயில் படியில் வீசிவிட்டுப் பாண்டிச்சேரிக்குப் போய்விட்டார். திரும்பி வரவே இல்லை.

"திருடல, ஏமாத்தல. குடுக்காம போயிட்டாரு, அவ்ளோதான். நான் வலை இழுக்கப் போனாக்கூட, பாதியில போனவன் மவன் வர்றான்னு சொல்லிக்கினு இருந்தாங்க. நானும் பாதியில போவச் சொல்றியா செகரட்டரி?"

அவர் மேல் வைத்திருந்த கோபம் அப்படியே இருந்தது, ஆனால் அதோடு ஒரு பிரியமும் வந்து உட்கார்ந்துகொண்டது. அடுத்த கதவில் தையல் மிஷின் சத்தம் நின்றிருந்தது. அக்கா எல்லாவற்றையும் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

நெடுஞ்சாலையை நாலு வழியாக அகலப்படுத்தினார்கள். நடுவில் சுவர் மாதிரி தடுப்பு எழுந்தது. முன்பு நிற்காமல் போன பஸ்கள் இப்போது பறந்து போயின. மாணவிகள் அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் தடுப்பின் மேல் ஏறிக் குதித்துக் கல்லூரிக்கு வந்தார்கள். சேர்மன் மனு எழுதாத அலுவலகம் இல்லை. பஸ் விஷயம் காபந்துக்கு முன்னால் கொடுத்த வாக்கு, அதனால் அதில் மட்டும் விதிவிலக்கு. ஒரு நாள் காலை முதல் வருஷத்துப் பெண் ஒருத்தியைக் கார் தட்டிவிட்டது. உயிர் பிழைத்துக்கொண்டாள். கால் முறிந்து படிப்பை விட்டாள். சேர்மன்தான் அவளைத் தூக்கி ஆட்டோவில் போட்டவர். ரத்தக் கறை பட்ட சட்டையை அன்று முழுக்க மாற்றவில்லை.

அதற்குப் பிறகு விழுப்புரத்தில் அதிகாரிகள் கூட்டம் போட்டார்கள். மாணவர் தரப்பில் ஒருவர் வரலாம் என்றார்கள். அப்படி யாரும் இல்லை என்று கல்லூரி எழுதிவிட்டது. சேர்மன் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். நரைத்த தலையைப் பார்த்து, எந்த வருஷம் படிக்கிறீர்கள் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை, மரியாதையாகத்தான் கேட்டாராம். படிக்கிற பிள்ளைகள் தேர்ந்தெடுத்த ஒரு ஆளைக் கூட்டி வாருங்கள், அவர்கள் வாயால் கேட்டால் நானும் மேலே எழுத வசதியாக இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அங்கிருந்து நேராக என் சொசைட்டிக்கு வந்தார். கடன் வாங்க வந்தவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நான் ஏறிக் குந்திக்கினு இருக்கறதாலதான் பஸ் நிக்கல போலக்குது செகரட்டரி," என்றார்.

இதைத்தானே எல்லோரும் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். தேர்தல் வையுங்கள் அண்ணா என்று மட்டும் சொன்னேன். யாரோ வைப்பார்கள் என்று காத்திருந்தவருக்கு, தானே வைக்கலாம் என்பது அதுவரை தோன்றவே இல்லை. காபந்து ஆள் செய்யலாமா என்று யோசித்தார். காபந்து ஆளுக்கு இருக்கிற ஒரே வேலையே அதுதானே என்றேன். அப்போதுதான் தண்ணீரைக் குடித்தார்.

கல்லூரிக்குள் தேர்தல் கூடாது. சரி, வெளியே வைத்தால் போயிற்று. ஒவ்வொரு வகுப்பும் சாப்பாட்டு நேரத்தில் பேசி ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரதிநிதிகள் எல்லோரும் டவுன் பஸ்ஸில் அவர் குப்பத்துக்குப் போனோம். எனக்கு ஏன் இந்த வேலை என்று வீட்டில் கேட்டார்கள். பதவியிலிருந்து இறங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாரியம்மன் கோயிலுக்கு எதிரே மணலில் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். ஓட்டுப் பெட்டி கிடையாது, துணி கட்டிய மீன் கூடை. பையன்கள் படகில் போகலாம் என்று கெஞ்சினார்கள். ஓட்டுப் போட்ட பிறகு எங்கே வேண்டுமானாலும் போங்கள் என்று சேர்மன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நன்றாகப் பேசுகிற பையன் ஒருவனும், கெடாரிலிருந்து வந்த கடைசி வருஷத்துப் பெண் ஒருத்தியும் நின்றார்கள். அவள் பேசியதெல்லாம் கொஞ்சம்தான். தடுப்பின் மேல் ஏறிக் குதிக்கிற பிள்ளை நான்தான், நீங்களும்தான், அதனால் ஓட்டுப் போடுங்கள் என்றாள். சந்தனக் கிண்ணத்துக்கு இந்த முறை யாரை வைப்பது என்று ஒருவன் கேட்டதற்கு, உன்னைத்தான் என்றாள். அவள் ஜெயித்தாள்.

குப்பத்துச் சனங்கள் வேடிக்கை பார்க்க வந்து, அப்படியே நின்றுவிட்டார்கள். சேர்மன் இடுப்பு மடிப்பிலிருந்து அந்தச் சாவியை எடுத்தார். அந்த அறையை இடித்து ஸ்கூட்டர் ஷெட் கட்டிப் பல வருஷம் ஆகியிருந்தது. பூட்டு பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். அவர் இரண்டு கையாலும் சாவியை நீட்டினார், அந்தப் பெண் இரண்டு கையாலும் வாங்கினாள். பிள்ளைகள் கைதட்டுவதா கூடாதா என்று தெரியாமல் நின்றார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், சேர்மனின் அப்பா வயசு இருக்கும், மெதுவாகக் கேட்டார்.

"குட்த்துட்டியாப்பா?"

"குட்த்துட்டேன் பெரிப்பா. எல்லாரும் பாத்தீங்க இல்ல?"

"பாத்தோம். போய் சாப்புடு."

சேர்மன் அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். இத்தனை வருஷம் விட்டுவிடுங்கள் என்று நச்சரித்த எனக்கு, விட்டதும் எதுவோ போய்விட்டது போல் இருந்தது. சந்தனக் கிண்ணம் ஏந்தியதைத் தவிர நான் அந்தப் பதவியில் ஒன்றும் செய்யவில்லை என்பது வேறு விஷயம்.

ஜெயித்த பெண், பிரதிநிதிகளைக் கூட்டிக்கொண்டு விழுப்புரத்துக்குப் போனாள். அதிகாரி சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். தடுப்பில் வழி விட்டார்கள், பஸ் ஸ்டாப் பலகை நட்டார்கள். பலகையைப் பார்த்தும் நிற்காமல் போன பஸ்களின் நம்பரை அவள் விடாமல் டெப்போவுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள், கடைசியில் நிறுத்தினார்கள். நடுவில் சேர்மன் போய் எப்படிப் பேச வேண்டும் என்று ஏதோ யோசனை சொல்லியிருக்கிறார். "நீங்க முன்னாள்ணா. சும்மா இருங்க," என்றாளாம். அன்றைக்கே எனக்குப் போன் செய்து, "என்ன முன்னாள்னுட்டா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பதவி போனதை இவ்வளவு சந்தோஷமாகச் சொன்ன ஒரு ஆளை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை. பலகையிலும் காபந்தை அழித்துவிட்டு முன்னாள் என்று எழுதிக்கொண்டார், ஜெராக்ஸைவிடப் பெரிய எழுத்தில்.

கல்யாணம் பனமலைக் கோயிலில். மலை ஏறுவதற்குள் மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. அக்கா, தானே தைத்த ரவிக்கையில், படியில் நின்று நின்று அவருக்காகக் காத்திருந்து ஏறினார். காத்திருந்து பழக்கம்தானே. மேலே மைக் இல்லை. இருந்திருந்தால் முன்னாள் இணைச் செயலாளர் என்ற முறையில் பேசிப் பழி தீர்த்திருப்பேன். ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். சேர்மன் அதைக் கையில் வாங்கியபோது, அக்கா தலையைக் குனிந்தபடியே, பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"இதுல எறங்கறதுலாம் கெடையாது. தெரியுமில்ல?"

சேர்மன் ஒரு கணம் தாலியைப் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார்.

"எறங்கலைன்னா போவுது," என்று சொல்லிவிட்டுக் கட்டினார்.